கீழே ஆள் இல்லாத கொடி

துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு அந்தக் கொடியைக் காட்டியிருப்பார்கள். பாதி வெள்ளை, பாதி நீலம், நுனியில் மீன்வால் மாதிரி ஒரு வெட்டு. சில நாடுகளில் சிவப்புக் கொடியில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். எதுவானாலும் பொருள் ஒன்றுதான். கீழே தண்ணீருக்குள் சுழியோடி இருக்கிறார், மெல்லப் போ, தள்ளிப் போ. கொடி ஏற்றாமல் இறங்கினால் தண்டம். இவ்வளவும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள்.

நான் எழுதப்போவது அதே விதியின் மற்றப் பாதியைப் பற்றி. கடைசி ஆள் மேலே வந்ததும் கொடியை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் அதற்கும் தண்டம். இந்தப் பாதியை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. நான் எடுத்தேன். அதனால் எனக்குக் கொடிக்காரன் என்று பட்டப்பெயர் வந்தது, சொந்தச் சனத்தோடு முகமுறிவு வந்தது, வேலையும் ஒருநாள் நூலிழையில் தொங்கியது. அதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். பெருமை பேசுகிறான் கிழவன் என்று நினைத்தால் நினையுங்கள். பென்ஷன் எடுக்கிறவன் வேறு எதைப் பேசுவான்?

நான் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். யாழ்ப்பாணத்தில் தீவுகளுக்கு ஆள் ஏற்றும் லோஞ்சில், அந்த மோட்டார்ப் படகில், வேலை செய்தவன். இங்கே வந்த புதிதில் எல்லாரையும் போல எனக்கும் பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட். எங்களுக்குத் தலைக்கு மேல் கூரை தந்தவர் சிவபாதம் அண்ணை. அவர் எங்களுக்கு வெகுகாலம் முந்திப் படிக்க வந்து, இங்கேயே தங்கி, கவுன்சிலில் நல்ல வேலையில் இருந்தவர். மனோர் பார்க்கில் அவருடைய வீட்டு மேலறையில் நானும் மனைவியும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தோம். வாடகை என்ற சொல்லை அவர் வாயில் நாங்கள் கேட்டதில்லை. அகதி விண்ணப்பத்துக்கு வழக்கறிஞரிடம் கூட்டிப்போனவரும் அவர்தான். டொக்கில் படகு ஓட்டத் தெரிந்த ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து, என்னைத் தள்ளிவிடாத குறையாக அனுப்பியவரும் அவர்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் அவருடைய உப்பை மட்டுமா தின்றேன், சோறு, புட்டு, இடியப்பம் எல்லாம்தான்.

டொக் என்றால், கப்பல்கள் வருவது நின்றுபோன பழைய கிழக்கு லண்டன் கப்பல்துறை, ஆற்றோடு ஒரு வாசலால் சேர்ந்த பெரிய தண்ணீர்த் தேக்கம். ஒரு தனியார் நிர்வாகம் அதைப் பார்த்துக்கொண்டது. கட்டட வேலைக்கு மண்ணும் கம்பியும் ஏற்றிய பார்ஜ்கள், அந்தத் தட்டையான பெரிய படகுகள், இழுவைப் படகின் பின்னால் போகும் வரும். சனி ஞாயிறுகளில் பாய்ப்படகுக்காரர், தண்ணீர்ச் சறுக்குக்காரர், பொழுதுபோக்குக்குச் சுழியோடும் கழகக்காரர் எல்லாரும் வருவார்கள். அந்தத் தண்ணீரில் சுழியோடுகிறவர்களுக்கு என்ன சுகம் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. தேத்தண்ணி நிறம், எலும்பு நடுங்கும் குளிர், நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. கேட்டால், இங்கே பழகினால் உலகத்தில் எங்கேயும் இறங்கலாம் என்பார்கள். நல்ல விசர், சுத்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காலையில் கொடியை ஏற்றினால் பின்னேரம் வீட்டுக்குப் போகும்போதுதான் இறக்குவார்கள். பாதி சோம்பல், பாதி தந்திரம். கொடி நின்றால் மற்றப் படகுகள் தள்ளிப் போகுமே, நல்ல இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமே. பஸ்ஸில் இருக்கையில் துவாயைப் போட்டு இடம் பிடிக்கிற அதே புத்திதான், எந்த நாட்டுக்காரனுக்கும் உண்டு. கழகம் முழுக்கக் கன்ரீனில் இருந்து தேத்தண்ணி குடிக்கும், இங்கே கொடி பறந்துகொண்டிருக்கும். படகோட்டிகள் இதை நாலு தரம் பார்த்தார்கள், ஐந்தாம் தரம் கொடியைக் கணக்கெடுக்காமல் போனார்கள். புலி வருது கதைதான். ஆனால் அந்தக் கதையில் புலி வந்தால் ஆட்டைத்தான் தின்னும்.

என்னை வேலை பழக்கியவர் ஒரு ஸ்கொட்லாந்துப் பெண். என்னைவிட வயது குறைவு, ஆனால் நிர்வாகத்தின் ரோந்து லோஞ்சுக்கு அவர்தான் தலைவி. நான் கப்டன் என்றே கூப்பிடுவேன். ஒரு ஞாயிறு, ஆளில்லாத படகொன்றில் கொடி நின்றது. கழகக்காரர் கரையில் நின்று சான்விச் தின்றுகொண்டிருந்தார்கள். நான் நல்ல பிள்ளையாக எட்டிக் கொடியை இறக்கப் போனேன். கப்டன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“ஏற்றினவர் இறக்கட்டும். கீழே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். உனக்குத் தெரியாது.”

பிறகு கரைக்குப் போய், ஏற்றிய மனிதரைத் தேடிப் பிடித்து, சான்விச்சும் கையுமாகக் கூட்டிவந்து இறக்க வைத்தோம். அவர் திட்டிக்கொண்டே இறக்கினார். எனக்கு அப்போது அது வெறும் பிடிவாதம் மாதிரித்தான் தெரிந்தது. கப்டன் கொஞ்சக் காலத்தில் வடக்கே வேறொரு துறைமுகத்துக்கு மாறிப் போய்விட்டார். அந்தப் பிடிவாதத்தை எனக்கு விட்டுவிட்டுப் போனார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லோஞ்ச் என் கைக்கு வந்தது. என்னோடு டேவ் என்று ஒரு உதவியாள். மலை மாதிரி உடம்பு, பகிடிக்காரன், நல்லவன். நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எங்கே கொடி கண்டாலும் எஞ்சினைத் தணித்துக் கிட்டப் போய், கீழே யார் என்று கேட்பேன். ஒருவரும் இல்லை என்றால், ஏற்றினவரைக் கொண்டு இறக்க வைப்பேன். அதே கழகம் இரண்டாம் தரம் அகப்பட்டால் தண்டம் எழுதுவேன். அன்றைய பொறுப்பாளர் யாரோ அவருடைய பெயரில்தான் எழுதுவது. மற்றவன் கொடி இல்லாவிட்டால் எழுதுவான், நீ கொடி இருந்தாலும் எழுதுகிறாயே என்று டேவ் விழுந்து விழுந்து சிரிப்பான். மனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. கழகக்காரர் அனுமதிக்குக் காசு கட்டுகிறவர்கள், அவர்களை விரட்டாதே என்றார். கரையில் நிற்கும் விதிப் பலகையில் இந்த வரியும் உங்கள் கையெழுத்துக்கு மேலேதான் இருக்கிறது என்றேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், அது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

இனித்தான் சுபா வருகிறாள். சிவபாதம் அண்ணையின் ஒரே மகள். நாங்கள் அந்த மேலறையில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். பின்னேரத்தில் குசினி மேசையில் வைத்து என் மனைவிக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பாள், பிழை விட்டால் விரலால் மேசையில் தட்டுவாள். பிறகு மருந்தியல் படிக்கப் போனாள். அங்கே யாரோ சிநேகிதர் சேர்த்துவிட, சுழியோடும் கழகத்துக்குள் போனவள், கொஞ்ச வருடத்தில் அந்தக் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பொறுப்பாளராகவே வந்துவிட்டாள். வெள்ளைக்காரப் பெடியளுக்கு இவள் கட்டளை போடுவாள், அவர்கள் கேட்பார்கள். அண்ணைக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கலியாண வீடு, செத்த வீடு எங்கே போனாலும், என் பிள்ளை தண்ணிக்குக் கீழே மூச்சு விடுகிறவள் என்று சொல்லாமல் வரமாட்டார். எனக்கும் பெருமைதான். எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி.

அந்தப் பிள்ளையின் படகில்தான் ஒரு ஞாயிறு வெறும் கொடி நின்றது. முதல் தரம் சொல்லி இறக்க வைத்தேன். சிரித்துக்கொண்டே இறக்கினாள். அடுத்த மாதம் திரும்பவும் நின்றது. அவள் கரையில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். டேவ் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு எங்கள் உறவு தெரியும். நான் தண்டப் புத்தகத்தை எடுத்தேன்.

“எல்லாரும் இப்பிடித்தானே அங்கிள் விடுறவை” என்றாள்.

“ஓம் பிள்ளை. அதுக்காகத்தான் எழுதுறன்.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கூட நின்ற வெள்ளைக்காரருக்கு முன்னால் அல்லவா. ஆனால் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நான் லோஞ்சைத் திருப்பினேன். வீட்டில் மனைவியிடம் சொல்லவில்லை.

நான் சொல்லாவிட்டால் என்ன, தண்ட அறிவித்தல் தபாலில் அண்ணை வீட்டுக்குப் போயிற்று. அடுத்த சனிக்கிழமையே அண்ணை எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள், அவர் இருக்கவில்லை. தேத்தண்ணி போட உள்ளே போனாள், வேண்டாம் என்றார். எங்கள் ஆட்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“என்ர பிள்ளை எண்டு தெரிஞ்சுகொண்டே எழுதினீரோ?” என்று கேட்டார். வழக்கமாகத் தம்பி என்று கூப்பிடுகிற மனிதர், அன்றைக்குத் தம்பியை விட்டுவிட்டார்.

ஓம் என்றேன். காசு தனக்குப் பெரிதில்லை என்றார். ஆனால் கழகத்தில் பிள்ளையின் பெயர் கெட்டுவிட்டது, பொறுப்பில் இருந்து எடுத்துவிடுவார்களாம், இனி அவள் எப்படி அங்கே தலை நிமிர்ந்து நிற்பாள் என்றார். பிறகு குரல் தணிந்தது. அலுவலகத்தில் போய், பிழையாக எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்கள் கிழித்துவிடுவார்கள், தான் விசாரித்துவிட்டதாகச் சொன்னார். அந்த மனிதர் என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. தந்தவர் மட்டும்தான்.

“அண்ணை, என்ர சாமான் எண்டா நீங்கள் கேக்க முதலே தந்திடுவன். இது என்ர இல்லை. என்னால ஏலாது” என்றேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். பிறகு மனைவியிடம் மட்டும் போய்ட்டு வாறன் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனைவி அன்றைக்கு அழுதாள். அண்ணை இல்லாவிட்டால் நாங்கள் எந்த றோட்டில் நின்றிருப்போம், ஒரு துண்டுக் கடுதாசியைக் கிழித்தால் டொக்குத் தண்ணீர் வற்றிப்போகுமா என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனால், அண்ணை எனக்குப் பின்னால் இருக்கிற தூணைப் பார்த்துக்கொண்டு போவார். அவர் பார்க்காவிட்டால் மற்றவர்களும் பார்க்கமாட்டார்கள், எங்கள் சமூகம் உங்களுக்குத் தெரியும்தானே. சொந்தப் பிள்ளைக்கே தண்டம் எழுதினவன் என்று பின்னால் கதைத்தது என் காதுக்கும் வந்தது. வெள்ளைக்காரனுக்கு முன்னால் நல்ல பிள்ளையாக நடிக்கிறான் என்றும் ஒருவர் சொன்னாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யாரோடு சண்டை பிடிப்பது? மனச்சாட்சி உறுத்தியதா என்று கேட்டால், இல்லை. மனம் நொந்ததா என்று கேட்டால், நன்றாக நொந்தது. இந்த இரண்டும் வேறு வேறு என்று அப்போதுதான் படித்தேன். நீங்களும் ஒருநாள் படிப்பீர்கள்.

சுபா தண்டத்தைத் தன் காசில் கட்டிவிட்டாள். கழகம் அவளைப் பொறுப்பில் இருந்து எடுக்கவும் இல்லை. ஞாயிறுகளில் நான் பக்கத்தால் போனால் அளவாகத் தலையாட்டுவாள், பேச்சில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவளுடைய படகில் கொடி ஏறும், இறங்கும். திரும்ப ஏறும், திரும்ப இறங்கும். ஒரு தரமும் வெறும் கொடி நிற்கவில்லை. கோபத்தில் செய்தாளோ, வீம்பில் செய்தாளோ, செய்தாள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம். நல்ல காற்று, டொக் முழுக்கச் சின்னச் சின்ன அலை. இழுவைப் படகொன்று மண் ஏற்றிய பார்ஜ்கள் இரண்டைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு ஆற்று வாசல் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஆற்றில் நீர் உயர்ந்து நிற்கிற நேரத்துக்குள் வாசலைத் தாண்ட வேண்டும், பிந்தினால் அடுத்த நீர் வரைக்கும் காத்திருப்பு. போகிற வழியில் ஒரு ஒடுக்கமான இடம். அதன் ஓரத்தில் சுபாவின் கழகப் படகு மிதவையில் கட்டிக் கிடந்தது. கொடி நின்றது. படகில் ஆள் இல்லை.

காற்றில்லாத நாளென்றால் அந்தப் பார்ஜ்கள் தள்ளிப் போகலாம். அன்றைக்குக் காற்று அவற்றைச் சுபாவின் படகுப் பக்கம்தான் தள்ளும், இழுவைப் படகின் நீருக்கடி விசிறி அந்தக் கொடிக்குக் கிட்டத்தான் சுழலும். நான் டேவைப் பார்த்தேன். அவன் கரையைக் காட்டினான். கழகக்காரர் கன்ரீனுக்குள் போனதை என் கண்ணால் கண்டேன், ஈர உடுப்போடு சிரித்துக்கொண்டு போனார்கள் என்றான். டேவ் பொய் சொல்லமாட்டான். நான் தண்ணீரைப் பார்த்தேன். சுழியோடி கீழே இருந்தால் மூச்சுக் குமிழி மேலே வரும். அந்த அலையில் குமிழி எது, நுரை எது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

இழுவைப் படகுக்காரர் ஹோர்ன் அடித்தார். வயர்லெஸில் மனேஜர் வந்தார். அவர் அலுவலக ஜன்னலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். படகில் ஆள் இல்லை, கழகம் கன்ரீனில் இருக்கிறது, போய்க் கொடியை இறக்கிவிட்டு பார்ஜை விடு என்றார். பொறுப்பைத் தானே எடுப்பதாகவும் சொன்னார்.

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாக வாசியுங்கள். எனக்கு எதிரே எல்லாச் சாட்சியும் இருந்தது. கண்ணால் கண்டவன் பக்கத்தில் நிற்கிறான். மேலதிகாரி கட்டளை தருகிறார், பொறுப்பையும் எடுக்கிறார். பார்ஜ் நின்றால் கட்டடக் கம்பனி முறையிடும், கீழே ஒருவரும் இல்லாவிட்டால் என் வேலை போகும், டொக் முழுக்கச் சிரிக்கும். என் பக்கத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளை தண்டம் கட்டினவள். தண்டம் கட்டின நாளில் இருந்து இவளுடைய கொடி ஒரு தரமும் பொய் சொன்னதில்லை.

“நான் இறக்கமாட்டேன்” என்று வயர்லெஸில் சொன்னேன். “இந்தக் கொடிக்குக் கீழே ஆள் இருக்கிறது.”

மனேஜர் கத்தினார். நான் லோஞ்சை முழு வேகத்தில் கொண்டுபோய், கொடிக்கும் பார்ஜுக்கும் நடுவில் குறுக்கே விட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டேன். கீழே ஆள் இருக்கும்போது என் விசிறியும் சுழலக்கூடாது. இழுவைப் படகுக்காரர் என்னை என்னென்னவெல்லாம் கேட்டார் என்று எழுதினால் இதை அச்சில் போடமாட்டார்கள். ஆனால் மனிதர் கெட்டிக்காரர். எஞ்சினைப் பின்னுக்குப் போட்டார், பார்ஜ்களை மற்றப் பக்கக் கல்சுவரோடு உரசவிட்டார். கல்லும் இரும்பும் உராயும் அந்தச் சத்தம் கன்ரீன் வரைக்கும் கேட்டது. எல்லாரும் ஓடி வந்து கரையில் நின்றார்கள். கூட்டத்தில் சுபாவைத் தேடினேன். காணவில்லை.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பெரிய கொடுமை. பார்ஜ் நிற்கிறது, கரை நிற்கிறது, வயர்லெஸ் கத்துகிறது, கொடி படபடக்கிறது, தண்ணீரில் ஒன்றும் இல்லை. டேவ் லோஞ்சின் முன்பக்கத்தில் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முருகா, என்னை முட்டாளாக்கினாலும் பரவாயில்லை, கீழே ஒருவரும் இல்லாமல் இருக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. அதைச் சொல்லி முடிக்க முதலே டேவ் கையைத் தூக்கினான்.

லோஞ்ச் காற்றுக்குக் குறுக்கே நின்றதால் அதன் மறைவில் ஒரு துண்டுத் தண்ணீர் அலையில்லாமல் கிடந்தது. அந்தத் துண்டில் குமிழி வந்துகொண்டிருந்தது. ஒரு ஆளின் குமிழி அல்ல, கொத்துக் கொத்தாக.

முதலில் வந்தது சுபாவின் தலை. அவளுடைய கை இன்னொருவரின் கழுத்துப் பட்டியைப் பிடித்திருந்தது. மூன்றாவது ஆள் பின்னால் வந்தார். நடுவில் இருந்தவரின் காலில் பழைய கம்பிக்கயிற்றுத் துண்டு இன்னும் சுற்றிக் கிடந்தது. டேவ் அவரை ஒரு கையால் தூக்கி எடுத்தான்.

நடந்தது இதுதான். கழகத்தில் மற்ற எல்லாரும் சுழியோடி முடித்து, கரைக்கு நீந்திக் கன்ரீனுக்குப் போய்விட்டார்கள். கடைசி இருவர் மட்டும் கீழே. சுபா விதிப்படி படகில் காவல் இருந்தாள், உடுப்பும் சிலிண்டரும் போட்டபடி. இருவரில் ஒருவர் தனியே மேலே வந்து, மற்றவர் அடியில் கம்பிக்கயிற்றில் சிக்கிவிட்டார், காற்று குறைகிறது என்றார். கரைக்குப் போய் ஆள் கூப்பிட நேரமில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். படகில் ஆளை விடாமல் இறங்கியது சரியா பிழையா என்று பிறகு விசாரணையில் மணிக்கணக்கில் கதைத்தார்கள். கதைக்கட்டும். அந்த மனிதர் உயிரோடு இருந்தார், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், விசாரணைக்கு வந்து தானே சாட்சி சொன்னார்.

கீழே அவர்களுக்குப் பார்ஜின் எஞ்சின் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது கேட்டதாம். வெட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டு ஓட ஏலாது. மேலே கொடி நிற்கிறது, அங்கிள் நிற்கிறார் என்று நினைத்ததாகச் சுபா பிறகு சொன்னாள். இதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது.

மற்ற இருவரையும் லோஞ்சில் ஏற்றிப் போர்வை சுற்றினோம். அவளையும் ஏறச் சொன்னேன். ஏறவில்லை. தன் படகைப் பிடித்து ஏறினாள். உதடு நீலம், பல் கிடுகிடுக்கிறது, விரல் மடியவில்லை. அந்த விரலால் முடிச்சை அவிழ்த்துக் கொடியை இறக்கினாள்.

“எல்லாரும் மேல வந்திட்டம் அங்கிள். இனி அவையளப் போகச் சொல்லுங்கோ” என்றாள்.

நான் இழுவைப் படகுக்காரருக்குக் கை காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி அவளுக்கு ஆட்டிவிட்டுப் போனார். வாசலையும் நேரத்துக்குத் தாண்டிவிட்டார் என்று கேள்வி.

மனேஜர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கரையில் நின்ற விதிப் பலகையைப் புதிதாக எழுதினார்கள். வெறும் கொடிக்குத் தண்டம் என்ற வரி, கொடி இல்லாததற்குத் தண்டம் என்ற வரிக்கு மேலே ஏறியது. எழுத்தும் பெரிது. அதற்குப் பிறகு நான் வேலை செய்த காலம் முழுக்க அந்தத் தண்ணீரில் கொடி என்றால் ஆள் என்று அர்த்தம். படகோட்டிகள் நம்பினார்கள். டேவ் அந்தக் கதையை எங்கே சொன்னாலும், அன்றைக்கு எங்கள் கொடிக்காரன் என்று தொடங்குவான்.

புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்பதுண்டு, தண்டம் எழுதுவது ஆட்களைப் பகைக்கிற வேலை அல்லவா என்று. பகைக்கிற வேலைதான். ஆனால் நீங்கள் எழுதுவது போன ஞாயிற்றுக்காக அல்ல, வரப்போகிற ஒரு ஞாயிற்றுக்காக. அது எந்த ஞாயிறு என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர், அறிந்தவர், சோறு போட்டவர் என்று ஒரு கொடியைக் கண்டும் காணாமல் விட்டால், அன்றைக்கு நீங்கள் எதை நம்பி லோஞ்சைக் குறுக்கே விடுவீர்கள்? என் மனைவி இதைச் சுருக்கமாகச் சொல்வாள், அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று. தான் அழுததை இப்போது கேட்டால் மறந்துவிட்டேன் என்பாள்.

சிவபாதம் அண்ணை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவர் உடனே ஓடி வரவில்லை. அவரும் யாழ்ப்பாணத்து மனிதர்தானே, வீம்பு லேசில் இறங்காது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தூணைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நானும் கிட்டப் போய்த் தொந்தரவு கொடுக்கவில்லை. மாதங்கள் போயின. பிறகு சுபாவின் கலியாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு வந்தது. வீட்டுக்கு வந்து தந்தவர் அண்ணையின் மனைவி, அண்ணை காருக்குள் இருந்தார்.

கலியாண மண்டபத்தில் நாங்கள் பின் வரிசையில் இருந்தோம். தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரம், அண்ணை பட்டு வேட்டியும் சால்வையுமாக நேரே எங்கள் வரிசைக்கு வந்தார். என் கையைப் பிடித்தார். அத்தனை சனத்துக்கும் நடுவால் இழுத்துக்கொண்டு போனார். கோலியர்ஸ் வுட்டில் இருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் மேடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

“சம்பந்தி, இவர்தான் என்ர பிள்ளைக்குத் தண்டம் எழுதின மனிசன்” என்றார்.

அந்த மனிதர் திகைத்துப் போனார். கலியாண வீட்டில், அதுவும் சம்பந்தி வாயால், பெண்ணுக்குத் தண்டம் விழுந்த கதையை யார் கேட்டிருப்பார்? என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வடிவாப் பாத்து வைச்சுக்கொள்ளுங்கோ” என்றார் அண்ணை. “வேற ஆராவது எண்டா என்ர முகத்துக்காக விட்டிருப்பினம்.”

பிடித்த என் கையை அவர் விடவில்லை.